கஃபே, கடைக்குள்ளே நாய்: பெங்களூருவில் அனுமதிக்கலாமா, கூடாதா?

காபிக்கொட்டை எழுதியது:

இந்திராநகர், கோரமங்களா, ஹெச்எஸ்ஆர் பக்கம் பல கஃபேக்கள் வாசலிலேயே நாய்க்கு அனுமதி உண்டுன்னு பலகை மாட்டியிருக்காங்க. இது சரியா தப்பான்னு இங்கே பேசுவோம். என் பக்கம் இது: முற்றம் இருக்கிற, உட்கார வெச்சுப் பரிமாறுற கஃபே நாயை வரவேற்கணும். தர்ஷினியில கூடவே கூடாது. அங்கே ஆளுங்க நின்னுக்கிட்டே சாப்பிடுறாங்க, கையில கொதிக்கிற சாம்பார், பின்னாடி இன்னொருத்தர் தட்டோட நகர்றார். அந்த நெரிசல்ல நாய்க்கும் ஆபத்து, மனுஷனுக்கும் ஆபத்து.

சுகாதாரம்னு சொல்றவங்களுக்கு: ஐரோப்பிய ஒன்றியத்தோட 852/2004 விதி, உணவைத் தயாரிக்கிற, கையாளுற, சேமிக்கிற இடத்துக்கு வீட்டு விலங்கு வரக்கூடாதுன்னுதான் சொல்லுது. பிரிட்டன்ல சாப்பிடுற பகுதியில நாயை விடலாமாங்கிறதை உரிமையாளரே முடிவு பண்ணிக்கலாம். அமெரிக்காவுல உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ வெளியிட்ட 2022 மாதிரி உணவு விதி, அங்கத்திய அதிகாரி ஒப்புக்கிட்டா திறந்தவெளி மேசைப் பகுதியில நாயை அனுமதிக்குது. சமையலறைக் கதவு ஒழுங்கா மூடியிருந்தா, மேசைக்கு அடியில படுத்திருக்கிற நாயால சாப்பாடு கெடாது.

அல்சூர்_ஏரிக்கரை எழுதியது:

பிரிட்டன் சட்டம் பிரிட்டனுக்கு. நம் ஊரில் உணவகம் நடத்த இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் உரிமம் வேண்டும். அந்த உரிமத்துக்கான 2011 ஒழுங்குமுறைகளின் 4-ஆவது அட்டவணையில், விலங்குகள், பறவைகள், செல்லப் பிராணிகள் உணவகப் பகுதிக்குள்ளோ வளாகத்துக்குள்ளோ நுழைய அனுமதிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. வளாகம் என்றால் முற்றமும் சேர்ந்ததுதான். ஆய்வில் குறை தெரிந்தால் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆவது பிரிவில் திருத்த அறிவிப்பு கொடுக்கலாம். அதற்கும் சரிசெய்யவில்லை என்றால் உரிமத்தை நிறுத்திவைக்கலாம். சுகாதாரக் கேடு என்று முடிவானால் 56-ஆவது பிரிவில் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். பலகை மாட்டும் முன் எத்தனை உரிமையாளர்கள் அந்த அட்டவணையைப் படித்துப் பார்க்கிறார்கள்?

காபிக்கொட்டை எழுதியது:

அந்த வரி எங்கே வருதுன்னும் பாருங்க சார். எலி, பூச்சிக் கட்டுப்பாடு பத்திப் பேசுற பகுதியில வருது. மாவு மூட்டையையும் சமையல் மேடையையும் காப்பாத்துறதுதான் அதோட நோக்கம். வார்த்தை அகலமா விழுந்திருக்குங்கிறதை ஒத்துக்கிறேன். அந்த வார்த்தையை மாத்தணும், சாப்பிடுற இடம் வேற, சமைக்கிற இடம் வேறன்னு பிரிச்சு எழுதணும். அதைத்தான் நான் கேக்கறேன்.

அல்சூர்_ஏரிக்கரை எழுதியது:

மாற்றச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. மாறுவதற்கு முன்பே நடத்துவது வேறு. மேசையில் பரிமாறுவதும் கையாளுவதுதான். ஒரே பையன் நாயைத் தடவிவிட்டு அதே கையால் தோசைத் தட்டைக் கொண்டுவருவதை எந்தக் கதவு தடுக்கும்?

பிவிஎஸ்சி_ஹெப்பால் எழுதியது:

மருத்துவப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். நாயைத் தொட்ட கையைச் சோப்பு போட்டு 20 விநாடி கழுவினால் அந்தக் கவலை தீர்ந்துவிடும். பரிமாறுபவர் நாயைத் தொடவே கூடாது என்று விதி வைப்பது இன்னும் சுலபம். எனக்குப் பெரிய கவலை உண்ணி.

நம் ஊரில் நாய்மேல் அதிகம் பார்ப்பது பழுப்பு நிற நாய் உண்ணி. மற்ற உண்ணிகளுக்குப் புல்லும் புதரும் வேண்டும். இது முட்டையிலிருந்து முட்டை வரை முழு வாழ்க்கையையும் கட்டடத்துக்குள்ளேயே முடித்துவிடும். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயிலிருந்து உதிர்ந்து, சுவர் ஏறி, செங்கல் இடுக்கிலோ மரப்பலகைப் பின்புறத்திலோ ஒளிந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பூசாத செங்கல் சுவர், பழைய மர அலமாரி, துணி சோஃபா என்று இன்றைய கஃபே அலங்காரம் எல்லாமே அதற்கு ஏற்ற இடம். ஒருமுறை குடியேறிவிட்டால் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் உயிரோடு இருக்கும். எர்லிக்கியா என்ற பாக்டீரியாவால் வரும் ரத்த நோய் இதன் வழியாகத்தான் நாய்களுக்குப் பரவுகிறது.

உண்ணி மாத்திரை கொடுத்துவிட்டோம் என்பார்கள். ஃப்ளூராலனர் ஏறக்குறைய 12 வாரம், அஃபாக்ஸோலனர் ஒரு மாதம் வேலை செய்யும். ஆனால் உண்ணி கடித்து ரத்தம் குடித்தபிறகுதான் இவை அதைக் கொல்லும். முடியில் சும்மா தொற்றிக்கொண்டு வந்த உண்ணி உங்கள் சோஃபாவில் இறங்கத் தடை எதுவும் இல்லை. அதனால் நாய் வரும் பகுதியில் துணி இருக்கையே வேண்டாம். உலோகக் கால், கழுவக்கூடிய தரை, பூசிய சுவர். இந்த மூன்றும் இல்லாத கஃபேக்கு என் பதில் கூடாது என்பதுதான்.

இன்னொன்று குட்டி நாய். கடைசித் தவணைத் தடுப்பூசி 16 வாரத்தில் முடிகிறது. அதற்குப் பிறகும் இரண்டு வாரம் ஆகும்வரை பொது இடம் கூடாது. குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் தங்கும். கடையில் வழக்கமாக வாங்கும் தரைத் திரவம் அதை நம்பகமாகக் கொல்லாது. தரையைச் சோப்பால் கழுவிவிட்டு, ப்ளீச் 1 பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து, 10 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். பொதுத் தண்ணீர்க் கிண்ணமும் வேண்டாம். அவரவர் கிண்ணத்தை அவரவர் கொண்டுவரட்டும்.

வாலாட்டி எழுதியது:

டாக்டர் சொன்ன ப்ளீச்சோட ஒரு எச்சரிக்கை சேர்த்துக்கோங்க. மூத்திரத்து மேல நேரா ப்ளீச் ஊத்தாதீங்க. அதுல இருக்கிற அம்மோனியாவோட சேர்ந்து கண்ணெரியுற நச்சு வாயு கிளம்பும். முதல்ல காகிதத்தால ஒத்தி எடுக்கணும், சோப்புத் தண்ணி, நல்ல தண்ணி, கடைசியாத்தான் ப்ளீச். அப்புறம் என்சைம் திரவம் ஒண்ணு கட்டாயம். ஃபினைல் மனுஷ மூக்கைத்தான் ஏமாத்தும். வாசனை மிச்சம் இருந்தா அடுத்து வர்ற ஆண் நாய் அதே மேசைக்காலைத் தேடிப் போகும்.

நான் அனுமதிக்கலாம்ங்கிற பக்கம்தான். ஆனா எல்லா நாயையும் இல்லை. கஃபேயில பிரச்சினை பண்ற நாய் முரட்டு நாயா இருக்கணும்னு அவசியமில்லை, பெரும்பாலும் பயந்த நாய்தான். எஸ்பிரஸ்ஸோ எந்திரத்துல பால் சூடு பண்ணும்போது வர்ற சீறல் சத்தத்தை யோசிச்சுப் பாருங்க. கிரைண்டர் சத்தம் வேற. அந்த மேடைக்குப் பக்கத்துல நாய் மேசை போடவே கூடாது. சுவரோரமா, நடைபாதைக்கு வெளியே, நாயோட முதுகுப் பக்கம் யாரும் நடக்காத மூலையில போடணும். அடுத்த நாய் மேசைக்கு குறைஞ்சது 2 மீட்டர் இடைவெளி.

நாயைப் பிடிக்கிற வார் 4 அடி போதும். உருளையில சுத்தி நீள்ற வார் உள்ளே வரக்கூடாது. பரிமாறுறவர் கால்ல சிக்கும், பூட்டு வழுக்கினா நாய் அஞ்சு மீட்டர் தள்ளிப் போயிருக்கும். நாற்காலிக் கால்ல கட்டுறது அதைவிட மோசம். நாய் திடுக்குன்னு எழுந்தா நாற்காலி இழுபடும், அந்தச் சத்தத்துக்கு இன்னும் பயந்து ஓடும், பின்னாடியே நாற்காலி துரத்துற மாதிரி வரும். வாரை உங்க கால் பாதத்துக்கு அடியில மிதிச்சு வெச்சுக்கோங்க. வீட்டுல பழகின பாயோ துண்டோ எடுத்துட்டு வாங்க. வழவழப்பான டைல்ஸ்ல கால் வழுக்குற நாய் நிம்மதியாப் படுக்காது.

தூக்கம் வராம கொட்டாவி விடுறது, தின்பண்டம் இல்லாம உதட்டை நக்குறது, முகத்தைத் திருப்பாம கண்ணோட வெள்ளை மட்டும் தெரியப் பாக்குறது. இதுல ரெண்டு சேர்ந்து தெரிஞ்சா பில்லு கேட்டுட்டுக் கிளம்பிடணும். உறுமினா திட்டாதீங்க. உறுமலை அடக்கிப் பழக்கின நாய் அடுத்த தடவை சொல்லாமலே கடிக்கும்.

சிக்பேட்_பட்டு எழுதியது:

கஃபே பத்தியே பேசுறீங்க. தலைப்புல கடையும் இருக்கு. சிக்பேட்ல பட்டுக்கடை எப்படின்னு தெரியும்ல? வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை, செருப்பைக் கழட்டிட்டு ஏறணும், வாடிக்கையாளர் மடி வரைக்கும் புடவையை விரிச்சுக் காட்டுவோம். ஒரு கல்யாணக் குடும்பம் உட்கார்ந்தா முப்பது நாப்பது புடவை தரையோட தரையா கிடக்கும். நாய் நகம் சரிகையில மாட்டி ஒரு இழை இழுத்துச்சுன்னா முந்தானை குறுக்கே கோடு விழும். அதை ரஃபு பண்ணினாலும், அதாவது இழை கோத்துச் சரிபண்ணினாலும், புதுப் புடவைன்னு விக்க முடியாது. முடி ஒட்டினா பட்டை அடிச்சுத் தட்ட முடியாது, ஒவ்வொண்ணா பொறுக்கணும். பிரியம் இருக்கு இல்லைங்கிறதுக்கு இதுல இடமே இல்லை. சரக்கு தரையில இருக்கிற எந்தக் கடைக்கும் நாய் ஒத்துவராது. அரிசி, பருப்பை மூட்டை வாயைத் திறந்து வெச்சிருக்கிற மளிகைக் கடைக்கும் அதே கணக்குதான்.

காபிக்கொட்டை எழுதியது:

இதுக்கு மறுப்பே இல்லை அண்ணா. கண்ணாடி பாத்திரக் கடையையும் சேர்த்துக்கோங்க. புத்தகக்கடை, செருப்புக்கடை, செடி விக்கிற நர்சரி மாதிரி இடம்தான் நான் சொல்ல வந்தது.

சிவாஜிநகர்_தேநீர் எழுதியது:

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஷாஃபி வழி நடக்கும் தமிழ் முஸ்லிம்கள் பலர் இந்த ஊரில் இருக்கிறோம். எங்கள் சட்டப்படி நாயின் எச்சிலோ ஈர மூக்கோ உடம்பிலோ துணியிலோ பாத்திரத்திலோ பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரில். கஃபேயில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து மேசை நாய் வந்து கையை நக்கிவிட்டால், அவர் வீட்டுக்குப் போய் கழுவிய பிறகுதான் தொழ முடியும். நாய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளே நாய் உண்டு என்பதை வாசலிலேயே தமிழிலும் கன்னடத்திலும் எழுதுங்கள். நாய் வராத ஒரு பகுதியைத் தனியாக வையுங்கள். நாய்க்கு வைத்த தட்டு மனிதர்களின் தட்டோடு சேரவே கூடாது.

வாலாட்டி எழுதியது:

தட்டு விஷயம் நூத்துக்கு நூறு சரிங்க. பாக்கு மட்டைத் தட்டுல வெச்சுட்டு அப்படியே குப்பையில போட்டுடணும், சமையலறை சிங்க்குக்குத் திரும்பவே கூடாது. உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாம வேகவெச்ச எலும்பில்லாத கோழி போதும். மனுஷங்க தட்டுல இருந்து கீழே விழுறதுதான் பயம்: சாக்லேட் பிரவுனி, உலர்திராட்சை கேக், சைலிட்டால்ங்கிற மாற்று இனிப்பு போட்ட சர்க்கரையில்லாத பலகாரம். மூணுமே நாய்க்கு விஷம். விழுந்த துண்டுக்கு ரெண்டு நாய் பாய்ஞ்சா அங்கேதான் சண்டையும் ஆரம்பிக்கும்.

அல்சூர்_ஏரிக்கரை எழுதியது:

எல்லோரும் முற்றம், முற்றம் என்கிறீர்கள். பெங்களூரில் மே முதல் அக்டோபர் வரை சாயங்கால மழை எப்படிக் கொட்டும் என்று தெரியாதவர்களா? ஐந்து மணிக்கு வானம் இருட்டினால் முற்றத்தில் இருக்கும் ஆறு நாயும் உள்ளே வரும். நனைந்த நாய் உடம்பை உதறும். 2 மீட்டர் இடைவெளி, தனிப் பகுதி, துணி இருக்கை கிடையாது என்று நீங்கள் போட்ட எல்லா விதியும் அந்த ஒரு மழையில் போய்விடும்.

இரண்டாவது, வாசல். 2023 கணக்கெடுப்பில் இந்த நகரத்தின் தெருநாய்கள் சுமார் 2.79 லட்சம். 2023 கருத்தடை விதிப்படி அவற்றைப் பிடித்து, கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நீக்கச் சொன்னது. கஃபே வாசல் அதில் இல்லை. அந்தத் தெருவைத் தன் எல்லையாக நினைக்கும் நாலு நாய்க்கு நடுவே நீங்கள் ஒரு லாப்ரடாரை நடத்திக் கூட்டிப் போகிறீர்கள். சண்டை உள்ளே நடக்காது, வாசற்படியில் நடக்கும். கடி படுவது பிரிக்கப் போன பரிமாறுபவர்.

வாலாட்டி எழுதியது:

வாசலுக்கு வழி இருக்கு சார். ரெண்டு கதவு, நடுவுல 5 அடி இடைவெளி. வெளிக்கதவு மூடின பிறகுதான் உள்கதவு திறக்கணும். பழைய வீட்டைக் கஃபேயா மாத்தின இடத்துல இரும்பு கேட்டுக்கும் வராந்தாவுக்கும் நடுவுல இந்த இடம் ஏற்கெனவே இருக்கும். மிச்சச் சோத்துத் தொட்டியை வாசல்ல வைக்காம பின்பக்கம் மூடி போட்டு வெச்சா பாதித் தொல்லை குறையும். சண்டை வந்துட்டா கையை நடுவுல விடக் கூடாது, கழுத்துப்பட்டையையும் பிடிக்கக் கூடாது. நடுவுல நாற்காலியைத் தள்ளுங்க, இல்லேன்னா வாளித் தண்ணியை ஊத்துங்க. மாடிப்படி ஏறிப் போற கஃபேக்கு என்கிட்டயும் பதில் கிடையாது. குறுகின படியில ரெண்டு நாய் நேருக்கு நேர் வந்தா ஒதுங்க இடமில்லை.

பிவிஎஸ்சி_ஹெப்பால் எழுதியது:

கடி என்று பேச்சு வந்ததால் இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். ரேபிஸ் தடுப்பூசியைத் தோலில் போடும் முறை என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள், தசையில் என்றால் 14-ஆவது நாளும் சேரும். ரத்தம் வந்த காயத்துக்கு ஊசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தும் தேவை. கடித்த நாயை 10 நாள் கண்காணிக்க வேண்டும். அதற்கு நாய் யாருடையது என்று தெரிய வேண்டுமே? ஆகவே வாசலில் பதிவேடு கட்டாயம். உரிமையாளர் தொலைபேசி எண், ரேபிஸ் ஊசி தேதி, மருத்துவர் கையொப்பம், ஊசி மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டு. ஊசி போட்டு ஒரு வருடத்துக்குள் இருக்க வேண்டும். முதல் ஊசி என்றால் ஒரு மாதமாவது கழிந்திருக்க வேண்டும்.

அல்சூர்_ஏரிக்கரை எழுதியது:

அந்தப் பதிவேட்டை ஞாயிறு காலை கூட்டத்தில் யார் சரிபார்ப்பது? கப்பன் பார்க்கில் நாயை ஓட்டிவிட்டு நேராகக் காலை உணவுக்கு வருகிறார்கள். ஒரே நேரத்தில் பத்துப் பேர் வாசலில் நிற்பார்கள். அசட்டையாக நாயை வைத்திருப்பவருக்கு குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடிபட்ட குழந்தைக்கு அதனால் என்ன பயன்? பார்வையற்றவரின் வழிகாட்டி நாயை எந்தக் கடையும் தடுக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அது பயிற்சி பெற்ற நாய், அவருக்குக் கண். மற்ற நாய்களுக்கு வீடும் பூங்காவும் இருக்கின்றன.

காபிக்கொட்டை எழுதியது:

ஞாயிறு கூட்டத்துக்கு முன்பதிவுதான் வழி. நாய் மேசை நாலுன்னா நாலே நாய். ஊசி அட்டையோட படத்தை முதல் நாளே வாங்கிப் பார்த்துடணும். வாசல்ல வந்து நின்னா இடமில்லைன்னு சொல்லணும். மழைக்கும் அதே நாலு மேசை மேல கூரை இருக்கணும், ஷீட் போட்டாலும் பரவாயில்லை, மூணு பக்கம் சாரல் அடிக்காம மறைச்சிருக்கணும். கூரை போட வசதியில்லாத கஃபே மழைக்காலம் முடியுற வரைக்கும் பலகையைக் கழட்டி வைக்கட்டும். பயிற்சி இல்லாத நாய்க்கு இடமில்லைங்கிற வரைக்கும் உங்களோட வர்றேன் சார். எந்த நாய்க்குமே இடமில்லைங்கிறதை மட்டும் ஏத்துக்க முடியலை. மனுஷன் நடமாட்டத்தைப் பார்த்துப் பழகாம அடுக்குமாடியில நாள் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற நாய்தான் லிஃப்ட்லயும் படிக்கட்டுலயும் மிரண்டு கடிக்குது.

அல்சூர்_ஏரிக்கரை எழுதியது:

முன்பதிவு, கூரை, இரட்டைக் கதவு, பதிவேடு, உலோகக் கால் மேசை. இவை அனைத்தும் இருக்கும் ஒரு கஃபேயைக் காட்டுங்கள், அதன் உரிமையாளர் 4-ஆவது அட்டவணைக்கு எழுத்துப்பூர்வமான விளக்கத்தை உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் வாங்கியிருக்கட்டும். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் எதிர்ப்பை விட்டுவிடுகிறேன். மற்ற இடங்களில் பலகையை இறக்கச் சொல்லித்தான் எழுதுவேன்.

வாலாட்டி எழுதியது:

விளக்கம் கேட்டு எழுதுறப்போ மேசைப் பகுதி, சமையலறை, வாசல் மூணையும் அளவோட வரைபடமா இணைச்சுக் கேளுங்க. சும்மா கேட்டா சும்மாதான் பதில் வரும். வரைபடம் போட யாருக்காவது உதவி வேணும்னா இதே இழையில அளவைப் போடுங்க, எங்கே மேசை வரலாம்னு குறிச்சுத் தர்றேன்.