அம்மம்மான்ர கதைக்கிற விதம், கொஞ்சம் உதவுங்கோ

வணக்கம், ஒரு சின்ன உதவி. எங்கட அம்மம்மா மணிக்கூடு பாத்துக் கதைக்கவே மாட்டா, பொழுதுபடேக்க "மைமல் ஆகுது, விளக்கைக் கொழுத்து பிள்ளை" எண்டுவா, வெயிலுக்க மழை தூறினா நரிக்குக் கலியாணமாம், நல்லூர்த் தேருக்குப் போட்டு வந்து "எள்ளுப் போட்டா எள்ளு விழாது" எண்டு செருப்பைத் துலைச்ச கதை சொல்லுவா. இதுகளை இப்ப ஒரு கொப்பியில எழுதிக்கொண்டு வாறன், கனடாவில இருக்கிற மருமகளுக்கு (அவளுக்கு எல்லாமே ஈவினிங் தான்!). வாடைக்காத்து, சோளகக்காத்து, நிலவு இதுகளைப் பற்றி உங்கட வீட்டில என்னமாதிரிச் சொல்லுவினம்? அகராதிச் சொல் வேண்டாம், வாயில வாறதுதான் வேணும். யாழ்ப்பாணத்தில தீவுப்பக்கம், வடமராட்சி ஆக்கள் கட்டாயம் போடுங்கோ, கடலுக்குப் போறாக்களிட்டக் கனக்க இருக்கும். வொயிஸ் அனுப்பினாலும் சரி.