1950 சாம்பியன்: ஃபரீனா ஜெயித்தாரா, ஃபாஞ்சியோவின் வண்டி காலை வாரியதா?

பழையபெட்ரோல்

கிராண்ட் ப்ரீ கார் பந்தயத்தின் முதல் உலக சாம்பியன் இத்தாலியின் ஜுசெப்பே ஃபரீனா. ஏட்டில் இருப்பது அதுதான், அழிக்கச் சொல்லவில்லை. ஆனால் 1950 சீசனை ஒவ்வொரு பந்தயமாகப் பிரித்துப் பார்த்தால், அந்தப் பட்டம் அர்ஜென்டினாவின் ஹுவான் மானுவேல் ஃபாஞ்சியோவுக்குச் சேர வேண்டியது என்பது என் கட்சி.

அந்த வருடம் மொத்தம் ஏழு பந்தயம். அமெரிக்காவில் நடந்த இண்டியானாபொலிஸை ஓரமாக வையுங்கள், இருவரும் ஓட்டிய ஆல்ஃபா ரோமியோ கம்பெனி அங்கே போகவே இல்லை. மீதி ஆறையும் ஆல்ஃபாதான் அள்ளியது. சில்வர்ஸ்டோன், பிரெம்கார்டன், மோன்ட்ஸா ஃபரீனாவுக்கு. மொனாக்கோ, ஸ்பா, ரீம்ஸ் ஃபாஞ்சியோவுக்கு. ஆளுக்கு மூன்று. கடைசியில் 30 புள்ளிக்கு 27.

இப்போது இதைக் கவனியுங்கள். ஃபாஞ்சியோ முடித்த பந்தயம் எல்லாமே அவர் ஜெயித்த பந்தயம். இரண்டாவது, மூன்றாவது என்ற பேச்சே இல்லை. வண்டி ஓடினால் முதலிடம், நின்றால் பூஜ்யம். ஆறு பந்தயத்தில் நான்கு முறை முன்வரிசையில் முதல் இடத்திலிருந்து கிளம்பியவரும் அவர்தான். ஒரே கம்பெனி, ஒரே மாதிரி வண்டி. வேகம் யாரிடம் இருந்தது என்று இதற்கு மேலும் கேட்க வேண்டுமா?

டாக்டர்கட்சி

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறீர்கள். முயல் என்றதும் ஞாபகம் வருகிறது, சில்வர்ஸ்டோனில் நாலாவது ஆல்ஃபாவை ஓட்டிய ரெக் பார்னெல் ஒரு முயலை இடித்தும் மூன்றாவதாக வந்து சேர்ந்தார். ராஜா ஆறாம் ஜார்ஜ் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து பார்த்த பந்தயம் அது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வண்டி நின்றது நின்றது என்கிறீர்களே, சில்வர்ஸ்டோனில் ஏன் நின்றது? வளைவில் ஓரத்து வைக்கோல் கட்டை உரசியது ஃபாஞ்சியோ. அதற்குப் பிறகுதான் எண்ணெய்க் குழாய் போனது. 70 சுற்றில் 62 முடித்த நிலையில் கதை முடிந்தது. அதே தடத்தில், அதே வைக்கோல் கட்டுகளுக்கு நடுவில், ஃபரீனா வண்டியை முழுசாகக் கொண்டுவந்து சேர்த்தார். இதையும் கெட்ட நேரம் என்றால், ஓட்டுநரின் கை என்று எதைத்தான் சொல்வது?

ஃபரீனாவுக்கும் நல்ல நேரமாகவே இருந்துவிடவில்லை. ஸ்பாவில் டிரான்ஸ்மிஷன் படுத்து நான்காவதாக வந்தார். ரீம்ஸில் எரிபொருள் பம்ப் கைவிட்டது. மொனாக்கோவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவருக்கு மூன்று, அவருக்கு மூன்று. ஒருவருடைய கோளாறை மட்டும் கண்ணீரோடு எண்ணினால் எப்படி?

இன்னொன்று. ஃபரீனாவுக்கு அப்போது 43 வயது. 1940 மே மாதம் திரிப்போலியில் இதே ஆல்ஃபா 158 வண்டியில் ஜெயித்தவர் அவர். அப்புறம் போர் வந்து நல்ல வருடங்களை விழுங்கியது. இந்த வண்டியோடு அவருக்கு அவ்வளவு நீண்ட பழக்கம்.

சந்தேகப்பேர்வழி

இரண்டு பேருமே கம்பெனியை மறந்துவிட்டீர்கள். இத்தாலிய நிறுவனம், இத்தாலிய ஓட்டுநர், கடைசிப் பந்தயம் இத்தாலியில், மோன்ட்ஸாவில். ஜெயித்தது யார்? ஃபரீனா. அர்ஜென்டினாக்காரரின் கியர்பாக்ஸ் மட்டும் சரியாக அன்றைக்குப் பார்த்து உடைகிறது. எனக்கு மூக்கு வியர்க்கிறது.

அப்புறம், பாவம் லூயிஜி ஃபஜோலி. மூன்றாவது ஆல்ஃபா அவருடையது. நான்கு தடவை இரண்டாவது, ஒரு தடவை மூன்றாவது. ‘சிறந்த நான்கு முடிவு மட்டும்தான் கணக்கு’ என்ற விதி இல்லாவிட்டால் அவரே சாம்பியன்.

கணக்குவாத்தியார்

ஃபஜோலி பற்றிச் சொன்னது தப்பு. முதலிடத்துக்கு 8, அடுத்து 6, 4, 3, 2. அதிவேகச் சுற்றுக்கு 1. நான்கு இரண்டாமிடம், ஆக 24. மோன்ட்ஸாவின் மூன்றாமிடம் 4. எல்லாவற்றையும் கூட்டினாலும் 28தான், ஃபரீனாவின் 30 அப்படியே நிற்கிறது. ஃபரீனாவுக்குப் புள்ளி வந்ததே நான்கு பந்தயத்தில்தான்: 9, 9, 4, 8. ஃபாஞ்சியோவுக்கும் நான்கு: 9, 8, 9, மோன்ட்ஸாவில் அதிவேகச் சுற்றுக்கான 1. விதி வெட்டியது ஃபஜோலியை மட்டும், அதுவும் பட்டத்தை மாற்றாத அளவுக்கு. (ஆனால் அந்த வெட்டு அவரை இரண்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிட்டது. 52 வயதில் அவ்வளவு ஓட்டிய மனிதருக்கு அது கொஞ்சம் கொடுமைதான்.)

இனி மோன்ட்ஸா. செப்டம்பர் 3ஆம் தேதி காலையில் நிலவரம்: ஃபாஞ்சியோ 26, ஃபஜோலி 24, ஃபரீனா 22. அதாவது ஃபரீனா மூன்றாவது ஆள். அதிவேகச் சுற்றை ஃபாஞ்சியோ எடுத்துவிட்டார் என்பதை வைத்துக்கொண்டு, ஃபரீனா ஜெயித்த நிலையில் ஃபாஞ்சியோ மூன்றாவதாக வந்திருந்தாலே போதும்: 26 + 4 + 1 = 31. பட்டம் அவருக்கு. பழையபெட்ரோல் வருத்தப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அந்த நியாயம் முழுக்க இந்த ஒரு கியர்பாக்ஸுக்குள்தான் இருக்கிறது.

பழையபெட்ரோல்

வாத்தியார் சார், அதைத்தானே நானும் சொல்கிறேன்!

டாக்டர்கட்சி மொனாக்கோவை ஒரே வரியில் தாண்டியது ஏன் என்று எனக்குத் தெரியும். மே 21. முதல் சுற்று. துறைமுகத்தில் அலை அடித்து டபாக் வளைவில் தண்ணீர் தெறித்துக் கிடந்தது. ஃபாஞ்சியோ முன்னால் போய்விட்டார். பின்னால் வந்த ஃபரீனா வழுக்கிச் சுழன்றார், பின்னாடி வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவராக மோதினார்கள். கிளம்பிய 19 வண்டியில் ஒன்பது அங்கேயே காலி.

இப்போது ஃபாஞ்சியோ ஒரு சுற்றை முடித்துவிட்டு அதே வளைவுக்குத் திரும்ப வருகிறார். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன கிடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் கூட்டத்தைப் பார்க்கிறார். பந்தயத்தில் முதலாவதாக வருகிறவனை எல்லோரும் பார்ப்பார்கள், அதுதான் வழக்கம். அன்றைக்கு ஒரு முகம்கூட அவர் பக்கம் இல்லை. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள். உடனே பிரேக். உடைந்த வண்டிகளுக்கு இடையில் மெதுவாக ஊர்ந்து வெளியே வந்து, கடைசியில், இரண்டாவதாக வந்த ஃபெராரி ஓட்டுநர் அஸ்காரியை விட ஒரு முழுச் சுற்று முன்னால் முடித்தார்.

ஒருவர் ஈரத்தில் சுழன்றார். இன்னொருவர் பார்வையாளர்களின் பின்னந்தலையைப் பார்த்தே விபத்தைப் படித்தார். அதே நாள், அதே வளைவு. இதற்கு என்ன பதில்?

டாக்டர்கட்சி

அதற்குப் பதில் இல்லை. அந்த ஒரு நாளில் ஃபாஞ்சியோ வேறு ரகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குக் கூலியாக 9 புள்ளியை வாங்கிவிட்டாரே. ஒரே வேலைக்கு இரண்டு தடவை சம்பளம் கேட்காதீர்கள்.

சந்தேகப்பேர்வழி அவர்களே, மூக்கைத் துடைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். மோன்ட்ஸாவில் ஃபாஞ்சியோவின் கியர்பாக்ஸ் உடைந்தபோது பந்தயத்தில் பெரும்பகுதி மிச்சம் இருந்தது, மொத்தம் 80 சுற்று. ஃபரீனாவை ஜெயிக்கவைப்பதுதான் கம்பெனியின் திட்டம் என்றால் ஃபாஞ்சியோவை ஓய்வாக உட்காரச் சொல்லியிருக்கலாம். என்ன செய்தார்கள்? இன்னொரு ஆல்ஃபாவை ஓட்டிய பியரோ தருஃபியை வண்டியிலிருந்து இறக்கினார்கள். தருஃபி ரோமாபுரிக்காரர், சொந்த மண்ணில் ஓட்டுகிறார். அவரை எழுப்பிவிட்டு அந்த இருக்கையை அர்ஜென்டினாக்காரருக்குக் கொடுத்தார்கள். அந்த வண்டியும் இன்ஜின் போய் நின்றது. ஒரே மதியத்தில் இரண்டு ஆல்ஃபாவை ஃபாஞ்சியோவுக்கு ஒதுக்கிய கம்பெனியையா சதி செய்தது என்கிறீர்கள்?

அங்கே ஃபரீனா சும்மா சுற்றிவந்து ஜெயிக்கவும் இல்லை. ஃபெராரி புதிதாக 4.5 லிட்டர் இன்ஜினோடு வந்திருந்தது. சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) கிடையாது, அதனால் ஆல்ஃபா மாதிரி எரிபொருளைக் குடம் குடமாகக் குடிக்காது. அஸ்காரி அதில் முன்னால் வந்து மிரட்டினார். அவர் வண்டி நின்றது, சக ஃபெராரி ஓட்டுநர் செராஃபினியின் வண்டியை வாங்கிக்கொண்டு திரும்பவும் துரத்தினார். ஃபரீனா ஒரு நிமிடத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். பட்டத்தைத் தீர்மானித்த பந்தயத்தில் ஜெயித்த மனிதர் அவர்.

சந்தேகப்பேர்வழி

தருஃபி விஷயத்தைக் கவனிக்கவில்லை. சதி என்ற பேச்சை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனால் ‘உலக’ சாம்பியன்ஷிப் என்ற பெயர்மேல் இன்னும் சந்தேகம் இருக்கிறது. இண்டியானாபொலிஸில் ஓடியவர்கள் இந்தப் பக்கம் வரவில்லை, இவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை. மழையில் 345 மைலோடு நிறுத்திய அந்த ஒரே பந்தயத்தை ஜெயித்த ஜானி பார்சன்ஸ் 9 புள்ளியோடு ஆறாவது இடம். சயாம் இளவரசர் பீரா மொனாக்கோவில் ஐந்தாவது, பிரெம்கார்டனில் நான்காவது என்று மசெராட்டியில் ஓட்டி அலைந்து 5 புள்ளி. என்ன கணக்கு இது?

கணக்குவாத்தியார்

கணக்கு கோணல்தான், ஆனால் பட்டத்தை அது தொடவில்லை.

டாக்டர்கட்சி சொன்ன தருஃபி வண்டியில் இன்னொரு சுவாரசியம் ஒளிந்திருக்கிறது. அன்றைய விதிப்படி ஒரே வண்டியை இருவர் ஓட்டினால் புள்ளியைப் பாதியாகப் பிரிப்பார்கள். அஸ்காரியும் செராஃபினியும் அப்படித்தான் இரண்டாமிடத்தின் 6 புள்ளியை ஆளுக்கு மூன்றாக எடுத்தார்கள். அந்த இன்ஜின் போகாமல், ஃபாஞ்சியோ அதை இரண்டாவதாகக் கொண்டுவந்திருந்தால் அவருக்கு 3, அதிவேகச் சுற்றுக்கு 1. மொத்தம் 30. ஃபரீனாவும் 30. வெற்றியும் ஆளுக்கு மூன்று. முதல் வருடத்திலேயே இதைப் பிரித்துத் தீர்ப்புச் சொல்ல ஆள் தேடியிருப்பார்கள்.

பழையபெட்ரோல்

முப்பதுக்கு முப்பது! இதை யோசிக்கவே இல்லை, வாத்தியார் சார்.

சரி, மோன்ட்ஸாவை ஃபரீனா சம்பாதித்தார். வைக்கோல் கட்டும் ஃபாஞ்சியோவின் தப்புதான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனாலும் அந்த வருடத்தின் சிறந்த ஓட்டுநர் யார் என்று கேட்டால் என் விரல் பால்கார்சே ஊர் மெக்கானிக் ஃபாஞ்சியோவைத்தான் காட்டும். ஆகஸ்டில் பெஸ்காராவில் பட்டத்துக்குக் கணக்கில்லாத ஒரு பந்தயம். முன்னால் போன ஃபஜோலியின் வண்டியில் சஸ்பென்ஷன் உடைந்து, ஊர்ந்துகொண்டிருந்தது. ஃபாஞ்சியோ தாண்டாமல் பின்னாலேயே மெதுவாக வந்தார், பெரியவர் ஜெயிக்கட்டும் என்று. பின்னால் போட்டியாளர் ரோசியே நெருங்கிவிட்டதால்தான் வேறு வழியில்லாமல் முந்தினார்.

டாக்டர்கட்சி

அடுத்த வருடம் ரீம்ஸில் அதே பெரியவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு, அதை வாங்கி ஓட்டி ஜெயித்ததும் உங்கள் ஃபாஞ்சியோதான். ஃபஜோலி கோபத்தில் கிராண்ட் ப்ரீக்கே முழுக்குப் போட்டார். அதற்குத் தனியாக ஒரு திரி திறங்கள், வருகிறேன்.

பழையபெட்ரோல்

இறக்கியது கம்பெனி, அவர் இல்லை! திறக்கிறேன், இருங்கள்.