ஜெர்மன் வீட்டு விருந்துக்கு எந்த ரெட் ஒயின் வாங்கிப் போகலாம்?

தம்பி, ஸ்டுட்கார்ட்டில் உடன் வேலை செய்பவர் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார், இனிப்பில்லாத ரெட் ஒயினாக எதை வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். புதிதாக வரும் பலருக்கும் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் லேபிளில் 'ட்ரோக்கன்' (இனிப்பில்லாதது) என்று இருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரைதான். 'ஹால்ப்ட்ரோக்கன்' (பாதி இனிப்பு) 18 கிராம் வரை போகும். 'லீப்லிஷ்' நன்றாகவே இனிக்கும். டோர்ன்ஃபெல்டர் என்ற திராட்சையில் செய்த ரெட் ஒயின் வாங்கும்போது இதில் கூடுதல் கவனம் வேண்டும். ஒரே மாதிரி பாட்டில்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று ட்ரோக்கன், மற்றது லீப்லிஷ்.

நீங்கள் இருப்பது வூர்ட்டம்பெர்க் என்ற ஒயின் பகுதியின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில். அந்த மண்ணின் ஒயினையே கொண்டு போனால் வீட்டுக்காரருக்கு மனசு நிறையும். என் சிபாரிசு லெம்பெர்கர் ட்ரோக்கன். ஆஸ்திரியாவில் ப்ளவ்ஃப்ரெங்கிஷ் என்று விற்பதும் இதே திராட்சைதான். கருஞ்சிவப்பு நிறம், செர்ரி வாசனை, லேசான மிளகு வாடை, எடுப்பான புளிப்பு. ட்ஸ்வீபல்ரோஸ்ட்பிராட்டன் என்று ஸ்வாபியர்கள் (உங்கள் பகுதி மக்கள்) செய்யும் மாட்டிறைச்சிக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. இறைச்சியின் மேல் பொன்னிறமாக வறுத்த வெங்காயத்தைக் குவித்து, குழம்பு ஊற்றித் தருவார்கள். கொழுப்பும் வெங்காயத்தின் தித்திப்பும் நாக்கில் படிந்திருக்கும்போது ஒரு வாய் லெம்பெர்கர் குடித்தால் வாய் சுத்தமாகிவிடும், அடுத்த துண்டுக்குக் கை தானாகப் போகும். மவுல்டாஷன் (உள்ளே பூரணம் வைத்த மாவுப் பண்டம்) மட்டும்தான் என்றால் ட்ரோலிங்கர் என்ற ரெட் ஒயின் போதும். நிறமும் கனமும் குறைவு.

காளான், வாத்து என்றால் ஷ்பேட்புர்குண்டர். பிரெஞ்சுக்காரர்களின் பினோ நுவார்தான் அது. பாடன், ஆர் பள்ளத்தாக்கு என்ற இரண்டு ஒயின் பகுதிகளிலும் அருமையாக வரும். கோடையில் சந்தைக்கு வரும் மஞ்சள் பிஃபர்லிங் காளானை வெண்ணெயில் வதக்கி இதோடு சாப்பிட்டுப் பாருங்கள், சைவக்காரர்களுக்கும் விருந்துதான். ஒன்று மட்டும்: ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கருவோ ஜெலட்டினோ சேர்ப்பது உண்டு. சைவம் கறாராகப் பார்ப்பவர்கள் 'வேகன்' என்று போட்ட பாட்டிலை வாங்குங்கள்.

நம் வீட்டுக் காரக் குழம்போடு இவற்றைச் சேர்க்காதீர்கள். ரெட் ஒயினின் துவர்ப்பும் ஆல்கஹாலும் மிளகாய் எரிச்சலைக் கூட்டிவிடும். மிளகாய் குறைத்து மிளகு தூக்கலாகச் செய்த கோழி வறுவல் என்றால் ஷ்பேட்புர்குண்டர் ஒத்துப்போகும்.

வெயில் காலத்தில் பாட்டிலை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். 16 டிகிரி பக்கம் இருந்தால்தான் ருசி தெரியும். நீங்கள் கொடுக்கும் பாட்டிலை அன்றைக்கே திறக்காவிட்டால் தப்பாக நினைக்க வேண்டாம், சாப்பாட்டுக்கு ஏற்ற ஒயினை அவர்களே எடுத்து வைத்திருக்கலாம். கண்ணைப் பார்த்து 'ட்ஸும் வோல்' (நம் 'சியர்ஸ்' மாதிரி) சொல்லிவிட்டுக் குடியுங்கள். குடிக்கும் பழக்கம் இல்லையென்றால் வேண்டாம் என்று நேராகச் சொல்லலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

அப்புறம், காரை வீட்டிலேயே விட்டுவிட்டு எஸ்-பான் புறநகர் ரயிலில் போங்கள். வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் ஆல்கஹாலுக்குப் பொது வரம்பு 0.5 ப்ரோமில்லே (ஆயிரத்தில் அரைப் பங்கு), லைசென்ஸ் எடுத்து 2 ஆண்டு ஆகாதவர்களும் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களும் ஒரு சொட்டுகூடத் தொடக் கூடாது.

என்ன சமைக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை. தெரிந்ததும் எழுதுங்கள், இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.