நான்காம் இரவு 4,600 மீட்டரில் கேம்ப்: ஆல்டிடியூட் சிக்னெஸுக்கு (மலை உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் நோய்) எப்படித் தயாராவது?

பனிக்கோடு:
வணக்கம் நண்பர்களே. ஆறு பேர் சேர்ந்து ஒரு டிரெக் போகிறோம். தங்கும் உயரங்கள்: முதல் இரவு 2,700 மீட்டர், இரண்டாவது 3,500, மூன்றாவது 4,200, நான்காவது 4,600. ஐந்தாம் நாள் விடியும் முன் கிளம்பி 5,200 மீட்டர் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் 3,900-க்கு இறங்க வேண்டும். எல்லாரும் தினமும் ஓடுகிறவர்கள், ஸ்டாமினாவில் குறையில்லை. ஒருவருக்கு மட்டும் சல்ஃபா மருந்து அலர்ஜி. ஆல்டிடியூட் சிக்னெஸைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை எல்லாரும் போட வேண்டுமா? வழியில் தலைவலி வந்தால் எதுவரை சமாளிக்கலாம், எப்போது திரும்ப வேண்டும்?

செங்குத்து:
மாத்திரைக்கு முன்னால் அட்டவணையைச் சரிசெய்யுங்கள். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும் என்பது பொது விதி. உங்கள் திட்டத்தில் ஒரே நாளில் 800, மறுநாள் 700, ஓய்வு நாளே இல்லை. 3,500-இல் இரண்டு இரவு, 4,200-இல் இரண்டு இரவு தங்குங்கள். ஒரே நாள் ஏற்றம் அப்படியே இருந்தாலும் சராசரி நாளைக்கு 500-க்குள் வந்துவிடும், மொத்தம் இரண்டு நாள்தான் கூடும். அந்த ஓய்வு நாட்களில் கூடாரத்திலேயே படுத்திருக்காமல் 300, 400 மீட்டர் மெதுவாக ஏறி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கி வந்து தூங்குங்கள். பகலில் எவ்வளவு உயரம் தொட்டீர்கள் என்பதைவிட இரவு எங்கே தூங்குகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

ஸ்டாமினா இந்த விஷயத்தில் காப்பாற்றாது. 5,200 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். ஆக்சிஜன் குறைந்ததும் உடல் வேகமாக மூச்சு விடும். அதனால் கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறி ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும். மூளை உடனே மூச்சுக்குக் கடிவாளம் போடும். சிறுநீரகம் பைகார்பனேட் என்ற காரப்பொருளை வெளியேற்றி அதைச் சரிசெய்யப் பல நாள் ஆகும். ஓட்டப்பயிற்சியால் இந்த வேலையை விரைவுபடுத்த முடியாது. நன்றாக ஓடுகிறவர் சீக்கிரம் மேலே போய்ச் சேர்கிறார், அவ்வளவுதான். நடக்கும்போது பேச்சு தடையில்லாமல் வரும் வேகத்தில் எல்லாரும் போகட்டும்.

மூச்சுக்காற்று:
மருந்து பற்றி. டயமாக்ஸ், அதாவது அசிட்டசோலமைடு, மேலே சொன்ன பைகார்பனேட் வேலையைத்தான் முடுக்கிவிடுகிறது. அறிகுறியை மூடி மறைக்கும் மருந்து என்று பலர் நினைப்பது தவறு. தடுப்புக்குப் பெரியவர்களுக்கு 125 மி.கி., நாளைக்கு இரண்டு வேளை. ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும், கணவாயைத் தாண்டி இறங்க ஆரம்பித்ததும் நிறுத்திவிடலாம். பழைய அட்டவணைப்படியே போவதாக இருந்தால் போட்டுக்கொள்வதுதான் சரி. இரண்டு இரவு கூட்டினால் தேவை குறையும், ஆனால் முன்பு ஒருமுறை மலையில் பாதிக்கப்பட்டவர் குழுவில் இருந்தால் அவர் போடுவது நல்லது.

விரல் நுனியிலும் உதட்டிலும் ஊசி குத்துவதுபோல் இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். இவையெல்லாம் மருந்தின் குணம், பயப்பட வேண்டாம். ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பாருங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும்.

சல்ஃபா அலர்ஜி உள்ளவர் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சல்ஃபா ஆன்டிபயாட்டிக்கில் லேசான தடிப்பு மட்டும் வந்தவருக்குப் பெரும்பாலும் இது பிரச்சினை செய்யாது. மூச்சுத்திணறல், தோல் உரிதல் மாதிரி கடுமையாக வந்திருந்தால் தொடவே கூடாது. அவருக்கு மாற்று டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு. அது அறிகுறியை அடக்கும், உடலைப் பழக்காது. ஆகவே உயரத்தில் இருக்கும்போது திடீரென நிறுத்தினால் நோய் திரும்ப வரும்.

கணவாய்வாசி:
எப்போது திரும்புவது என்ற கேள்விக்கு வருகிறேன். லேக் லூயிஸ் மதிப்பெண் முறையைக் கிளம்பும் முன் எல்லாரும் கற்றுக்கொள்ளுங்கள். தலைவலி, வாந்தி அல்லது பசியின்மை, சோர்வு, தலைசுற்றல் என நான்குக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கேம்ப் சேர்ந்து ஆறு மணி நேரம் கழித்துப் போடுங்கள், வந்த களைப்பு அதற்குள் அடங்கியிருக்கும். தலைவலியோடு மொத்தம் 3 வந்தாலே ஆல்டிடியூட் சிக்னெஸ்தான். மறுநாள் அவர் மேலே ஏறக்கூடாது. பாரசிட்டமால், தண்ணீர், ஓய்வு. அறிகுறி முழுசாகப் போன பிறகுதான் அடுத்த கேம்ப். ஒரு நாளில் குறையாவிட்டாலோ, இடையிலேயே கூடினாலோ இறங்க வேண்டும்.

காத்திருக்கவே கூடாத நிலை இரண்டு. முதலாவது மூளை வீக்கம்: பேச்சு குழறும், குழப்பம் வரும், குடித்தவர்போல் தள்ளாடுவார். தரையில் நேர்கோடு கிழித்து, குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். கோட்டை விட்டு விலகினால் போதும், இறக்குங்கள். இரண்டாவது நுரையீரலில் நீர் கோப்பது. பெரும்பாலும் புது உயரத்தின் இரண்டாம் இரவில் தொடங்கும், தலைவலியே இல்லாமலும் வரும். நேற்றுவரை முன்னால் நடந்தவர் இன்று பின்தங்குவார், வறட்டு இருமல், பிறகு உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும். சளி பிடித்திருக்கிறது என்று விட்டுவிடுவதுதான் இங்கே ஆளைக் கொல்கிறது.

உங்கள் பாதையில் பெரிய ஆபத்து 4,600 கேம்ப்தான். அங்கே ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால், 'கணவாயைத் தாண்டிவிட்டால் இறக்கம்தானே' என்று எல்லாருக்கும் தோன்றும். அந்த இறக்கத்துக்கு முன்னால் 600 மீட்டர் ஏற்றம் இருக்கிறது. நோயாளியை ஒரு மீட்டர்கூட மேலே கொண்டுபோகக் கூடாது. வந்த வழியே 4,200-க்கு, தேவைப்பட்டால் 3,500-க்கு. பாதை பாதுகாப்பாக இருந்தால் இரவென்றும் பார்க்காதீர்கள். கூட ஒருவராவது போக வேண்டும், நோயாளியின் பையை வேறொருவர் சுமக்க வேண்டும். நுரையீரல் பாதிப்பென்றால் நோயாளியை முடிந்தவரை நடக்கவிடாதீர்கள், உடலுழைப்பு அதை மோசமாக்கும். இறங்க வழியில்லாதபோது அல்லது இறங்கிக்கொண்டே கொடுக்க: மூளைக்கு டெக்ஸாமெதசோன் முதலில் 8 மி.கி., பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 4 மி.கி. நுரையீரலுக்கு மெதுவாகக் கரையும் நிஃபெடிபைன் 30 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. இரண்டையும் மருத்துவரிடம் சீட்டு எழுதி வாங்கி, அளவைப் பெட்டிமேலேயே எழுதி ஒட்டுங்கள்.

பனிக்கோடு:
மிக்க நன்றி. இரண்டு நாள் கூட்டிவிட்டோம். விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜன் சதவீதம் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் ஒன்றும், கையடக்க ஆக்சிஜன் ஸ்ப்ரே நான்கும் வாங்க நினைக்கிறோம். தண்ணீர் நாளைக்கு ஆறு லிட்டர் என்று ஒருவர் சொன்னார், சரியா?

மூச்சுக்காற்று:
ஆறு லிட்டர் வேண்டாம் சகோ. மூன்று, நான்கு போதும், சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அளவு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். அதற்கும் தலைவலி, வாந்தி, குழப்பம்தான் அறிகுறி, எது எதென்று பிரிக்க முடியாமல் போகும். இரவில் மதுவும் தூக்கமாத்திரையும் வேண்டாம், மூச்சை மட்டுப்படுத்தும். தூக்கத்தில் மூச்சு சில நொடி நின்று, பிறகு பெருமூச்சாகத் தொடர்வது அந்த உயரத்தில் சாதாரணம்.

செங்குத்து:
ஸ்ப்ரேயில் இருப்பது சில நிமிடத்துக்கான வாயு. சிகிச்சைக்கு உதவாது, அந்தப் பணத்தைச் சிலிண்டருக்குப் போடுங்கள். கணக்கு எளிது: 300 லிட்டர் வாயு உள்ள சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் இரண்டரை மணி நேரம் வரும். அதுவும் இறங்கும் வழிக்குத்தான், மேலே உட்கார்ந்து சமாளிக்க அல்ல.

ஆக்ஸிமீட்டர் வாங்கலாம். கையைச் சூடாக்கி, நகப்பூச்சை அழித்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு மாட்டி, எண் நிலைக்கும்வரை பொறுங்கள். 4,200-இல் நலமாக இருப்பவருக்கே 80-களில் காட்டும், அதனால் 85 என்றதும் பதற வேண்டாம். மற்ற ஐந்து பேரும் 86, 87-இல் இருக்க ஒருவர் மட்டும் 74 என்றால் அவரை எழுப்பி நாலடி நடக்கவிட்டு மூச்சைக் கவனியுங்கள். எண் நன்றாக இருந்தும் அவர் தள்ளாடினால் எண்ணை நம்பாதீர்கள். பேட்டரியை இரவில் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் வேலை செய்யாது.