மனநல எபிடெமியாலஜியில் போஸ்ட்டாக்: முதல் ஆறு மாதம் எதில் உட்காருவது?

கேள்வி
பயோஸ்டாட்ஸில் (மருத்துவத் தரவுக்கான புள்ளியியல்) முனைவர் பட்டம் முடிந்தது. அடுத்து மனநல எபிடெமியாலஜியில் (மனநோய் மக்களில் எத்தனை பேருக்கு, யாருக்கு என்று ஆராயும் துறை) இரண்டு வருட போஸ்ட்டாக், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி. கையில் வரப்போவது 2,000 பேரின் பி.எச்.க்யூ-9 (மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாள்) மதிப்பெண்கள், வருடத்துக்கு ஒரு முறையாக நான்கு சுற்று. மிக்ஸட் மாடல் (ஒரே ஆளைப் பலமுறை அளந்த தரவுக்கான முறை), சர்வைவல் (ஒன்று நிகழ எவ்வளவு காலம் ஆகிறது என்று பார்க்கும் முறை) எல்லாம் பழக்கம். மனநோய் பற்றித் தெரிந்தது குறைவு. மெஷின் லேர்னிங் வகுப்பில் சேரலாமா, வேறு எதையாவது முதலில் பிடிக்க வேண்டுமா?

பதில் 1
வகுப்பை அப்புறம் பார்க்கலாம். யாரை ‘கேஸ்’, அதாவது நோய் உள்ளவர், என்று எண்ணப் போகிறீர்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மனச்சோர்வுக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. கேள்வித்தாள்தான் கருவி, அது தவறும்.

பி.எச்.க்யூ-9இல் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் பாசிட்டிவ், அதாவது மனச்சோர்வு இருக்கலாம். 2001இல் வந்த மூல ஆய்வில் இந்த வெட்டுப்புள்ளிக்குச் சென்சிட்டிவிட்டி (நோய் உள்ளவர்களில் பாசிட்டிவ் வருபவர்கள்) 88%, ஸ்பெசிஃபிசிட்டியும் (நோய் இல்லாதவர்களில் நெகட்டிவ் வருபவர்கள்) 88%. இனி கணக்குப் போடுங்கள். 1,000 பேரில் 50 பேருக்கு உண்மையிலேயே மனச்சோர்வு என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 44 பேரைக் கருவி பிடிக்கும். மீதி 950 பேரில் 12%, அதாவது 114 பேரையும் சேர்த்தே பிடிக்கும். ஆக மொத்தம் 158. உண்மை 5%, நீங்கள் எழுதப்போவது 15.8%. பாசிட்டிவ் வந்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு நோயே இல்லை.

இதைத் திருத்த 1978இல் வந்த ரோகன்–கிளாடன் சூத்திரம் இருக்கிறது. கிடைத்த விகிதத்தோடு ஸ்பெசிஃபிசிட்டியைக் கூட்டி 1ஐக் கழியுங்கள்: 0.038. சென்சிட்டிவிட்டியையும் ஸ்பெசிஃபிசிட்டியையும் கூட்டி 1ஐக் கழியுங்கள்: 0.76. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.05. ஆனால் ஸ்பெசிஃபிசிட்டியை மட்டும் 0.92 ஆக்கிப் பாருங்கள். அதே 15.8%இலிருந்து 9.75% வருகிறது, கிட்டத்தட்ட இரட்டிப்பு! அந்த 88% கிளினிக்குக்கு வந்த நோயாளிகளிடம் அளந்தது. வீடு வீடாகப் போய், மொழிபெயர்த்த தாளில் கேட்கும்போது அதே எண்ணைப் போடுவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. தூக்கம், சோர்வு, பசி என மூன்று கேள்விகள் உடல் சார்ந்தவை. நாள்பட்ட உடல்நோய் உள்ளவர்கள் அவற்றிலேயே மதிப்பெண் ஏறிவிடுவார்கள்.

கேட்டவர்
அப்படியென்றால் எங்கள் மக்களிடமே சரிபார்க்க வேண்டுமா? உண்மையில் நோய் உண்டா என்று பார்க்க 2,000 பேரையும் நேர்காணல் செய்ய ஆள் இல்லை.

பதில் 2
எல்லாரையும் வேண்டாம், இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். ஸ்கிரீனிங்கில் 300 பேர் பாசிட்டிவ் என்றால் அவர்கள் அனைவருக்கும் பயிற்சி பெற்றவர் நேர்காணல் நடத்தட்டும். நெகட்டிவ் 1,700 பேரில் குலுக்கலில் 170 பேர். நேர்காணல் செய்பவருக்கு மதிப்பெண் தெரியவே கூடாது, தெரிந்தால் முடிவு அந்தப் பக்கம் சாயும். இடைவெளியையும் சில நாட்களுக்குள் வையுங்கள், பி.எச்.க்யூ கேட்பது கடந்த இரண்டு வாரத்தை.

பாசிட்டிவில் 90 கேஸ், நெகட்டிவில் 3 கேஸ் கிடைத்தது என்று கொள்வோம். நேர்காணல் செய்த நெகட்டிவ் ஒவ்வொருவரும் பத்துப் பேருக்குச் சமம், அதாவது வெயிட் 10. ஆகவே 90 + 30 = 120, அதாவது 6%. வெயிட் போட மறந்தால் 470இல் 93, கிட்டத்தட்ட 20%. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த மூன்று பேர்தான் விடையில் கால் பங்கு. மூன்று நான்கானால் 6.5%. அதனால் கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் (உண்மை எண் இருக்கக்கூடிய எல்லை) அகலமாகத்தான் வரும், அதை மறைக்காமல் எழுதுங்கள். கையில் பணம் இருந்தால் நெகட்டிவ் பக்க மாதிரியைப் பெரிதாக்கச் செலவிடுங்கள்.

பதில் 3
மேலே சொன்ன இரண்டும் சரி. ஆனால் நான்கு சுற்றுத் தரவில் அதே அளவு ஆபத்து, விட்டுப்போனவர்கள். மனச்சோர்வு கூடியவர்தான் அடுத்த சுற்றுக்கு வராமல் போகிறார். மிக்ஸட் மாடல் முந்தைய மதிப்பெண்ணை வைத்து ஓரளவு சமாளிக்கும். வராத சுற்றின் மதிப்பெண்ணே வராததற்குக் காரணம் என்றால் சமாளிக்காது.

மல்டிபிள் இம்ப்யூடேஷன் (விடுபட்ட மதிப்புகளைக் கணித்துப் பலமுறை நிரப்புவது) செய்யும்போது அவுட்கமையும் (நீங்கள் விளக்க முயலும் விளைவு) இம்ப்யூடேஷன் மாடலில் சேருங்கள். அதை விட்டால் தொடர்பு பூஜ்யத்தை நோக்கிச் சுருங்கும். 30% பேரிடம் ஏதாவது விடுபட்டிருந்தால் குறைந்தது 30 முறையாவது செய்யுங்கள். ஆர் (R) மென்பொருளில் இதைச் செய்யும் மைஸ் (mice) பேக்கேஜ் தானாக எடுப்பது 5தான். பிறகு நிரப்பிய மதிப்பெண்களோடு மட்டும் 1, 2, 3 எனக் கூட்டிக்கொண்டே போய், எந்த இடத்தில் உங்கள் முடிவு கவிழ்கிறது என்று பாருங்கள். 1 கூட்டியதுமே கவிழ்ந்தால் அந்த முடிவை நம்பி எழுதாதீர்கள். 8 வரை தாங்கினால் தைரியமாக எழுதலாம்.

வழிகாட்டி இருவர் வேண்டும், ஒருவர் புள்ளியியல், ஒருவர் மனநல மருத்துவர். மருத்துவர் நேர்காணல் செய்யும்போது, அனுமதியோடு, பக்கத்தில் உட்கார்ந்து பத்துப் பதினைந்தாவது பாருங்கள். ‘அடிக்கடி’ என்று நோயாளி சொல்வது 1 ஆகுமா 2 ஆகுமா என்று தடுமாறும் இடத்தை டேட்டா ஃபைலில் பார்க்க முடியாது. தரவு அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகும், சேர்ந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

கடைசியாக, ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதில் 1 வந்தாலும் அன்றே யார் அவரோடு பேசுவார், எங்கே அனுப்புவார் என்பது முதல் தாள் நிரப்பும் முன்பே பெயரோடு எழுதியிருக்க வேண்டும். ஆன்லைனில் நிரப்ப வைத்து ஒரு மாதம் கழித்து ஃபைலைத் திறக்கும் திட்டமென்றால் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு எட்டுக் கேள்வியாக நடத்துங்கள், பி.எச்.க்யூ-8 அதற்காகவே இருக்கிறது.