பழைய வீட்டு முற்றத்தில் செயற்கைப் புல் விரித்தபின் சுவரில் ஈரம் ஏறுகிறது: உதவி தேவை

கேள்வி (தக்கலை, ஜூலை 2)

வணக்கம். தக்கலைக்கு அருகில் என் தாத்தா கட்டிய வீட்டில் நானும் அம்மாவும் வசிக்கிறோம். வெட்டுக்கல்லும் (செம்புரைக்கல்) சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டி ஓடு வேய்ந்த வீடு. வயது எண்பதை நெருங்குகிறது. முன்புறம் 20 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள முற்றத்துக்கு 12 ஆண்டுகளுக்கு முன் கான்கிரீட் போட்டோம். மழைக்காலத்தில் அதில் பாசி பிடித்து, சென்ற ஆண்டு அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. காலை நடைக்கு அவருக்கு இருப்பது அந்த முற்றம் ஒன்றுதான் என்பதால், இந்த ஏப்ரலில் செயற்கைப் புல் விரிக்க ஏற்பாடு செய்தேன். விரித்தவர்கள் தரையைச் சமன்படுத்துவதாகச் சொல்லி ஒன்றரை அங்குலத்துக்குச் சிமெண்ட் பூச்சுப் போட்டு, அதன்மேல் பசை தடவிப் புல்லை ஒட்டிவிட்டுப் போனார்கள்.

ஜூன் மழை தொடங்கிய இரண்டாவது வாரத்திலேயே புல்லை மிதித்தால் நீர் கொப்பளித்து வந்தது. இப்போது அழுகல் நாற்றம் அடிக்கிறது. அதைவிடக் கவலை தருவது, முன்னறைச் சுவரின் உட்புறத்தில் தரையிலிருந்து 2 அடி உயரம் வரை வண்ணப்பூச்சு கொப்புளமாக எழும்பி, வெள்ளையாக உப்புப் பூத்து உதிர்வது. முன்பு ஓரத்தில் ஓர் அங்குல அளவுக்கு மட்டுமே ஈரம் தெரியும். புல்லில் துளைகள் இருப்பதால் நீர் தானாக வடிந்துவிடும் என்று உறுதியளித்தார்கள். என்ன தவறு நடந்திருக்கிறது, எங்கிருந்து திருத்தத் தொடங்குவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (ஓய்வு பெற்ற கட்டடப் பொறியாளர், மார்த்தாண்டம்)

அம்மையீர், புல்லில் துளை இருப்பது உண்மைதான். ஆனால் துளை வழியே இறங்கும் நீர் அதற்குப்பின் எங்கே போகும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. கான்கிரீட்டின்மேல் பசையால் முழுவதுமாக ஒட்டும்போது பாதித் துளைகள் அடைபட்டுவிடும். மீதித் துளைகளில் இறங்கும் நீர், வாட்டம் (சரிவு) இல்லாவிட்டால், அங்கேயே தேங்கும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். உங்கள் முற்றம் ஏறத்தாழ 28 சதுர மீட்டர். ஒரே இரவில் 50 மி.மீ. மழை பெய்தால் முற்றத்தில் நேராக விழுவது மட்டும் 1,400 லிட்டர். முன்பக்கக் கூரை நீரும் அங்கேதான் விழுகிறது என்றால் இதைவிடக் கூடுதலாக இன்னொரு பங்கு வந்து சேரும்.

தீர்வு சொல்வதற்கு முன் சில விவரங்கள் வேண்டும். இப்போதைய புல் மட்டத்திலிருந்து வீட்டுத் தரை எத்தனை அங்குலம் உயரத்தில் இருக்கிறது? இறவாரத்து நீர் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது, பாத்தி (கூரை ஓரத்தில் நீரை ஏந்தும் கால்வாய்) கட்டியிருக்கிறீர்களா? டியூப் லெவல் (நீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்துப் பார்த்தால் முற்றத்தின் வாட்டம் தெருவை நோக்கியா, வீட்டை நோக்கியா? முற்றம் போடுவதற்கு முன் சுவரின் அடியில் கருங்கல் வரிசை வெளியே தெரிந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள்.

கூடவே ஒரு சோதனை. ஈரமான சுவரில் ஓர் அடிச் சதுரத்துக்குப் பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் இடையில் நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கத்தில் கோத்தால் அறைக் காற்றிலிருந்து வருகிறது.

கேட்டவர் (ஜூலை 6)

நன்றி ஐயா. பாலித்தீனின் உட்பக்கம்தான் நனைந்திருக்கிறது. திண்ணையில் ஏற முன்பு இரண்டு படிகள் இருந்தன என்று அம்மா சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது: இப்போது ஒரு படிதான் இருக்கிறது. கான்கிரீட் போட்டபோது மண்ணடித்து உயர்த்தியதில் கீழ்ப்படி புதைந்துவிட்டது. ஒரு முழ உயரத்துக்குக் கருங்கல் வெளியே தெரியும் என்றும், மழை நாளில் பிள்ளைகள் அதன்மேல் உட்காருவார்கள் என்றும் சொல்கிறார். இன்று புல்லின் மட்டம் வெட்டுக்கல்லின் முதல் வரிசையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. வீட்டுத் தரைக்கும் அதற்கும் 5 அங்குலமே இடைவெளி. இறவார நீர் சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி விழுகிறது. பாத்தி இல்லை. வாட்டம் வீட்டுப் பக்கமாக அரை அங்குலம் சாய்கிறது.

பதில் (பொறியாளர்)

விடை உங்கள் அம்மாவின் நினைவில்தான் இருந்திருக்கிறது. அந்தக் காலக் கொத்தனார்கள் ஈரத் தடுப்புக்கென்று தனிப் பூச்சு எதுவும் போடவில்லை. மண்ணுக்கு மேல் எழும் கருங்கல் அடிவரிசையான பேஸ்மட்டமே அந்த வேலையைச் செய்தது. கருங்கல் நீரை அதிகம் உறிஞ்சாது. வெட்டுக்கல்லோ நுண்துளைகள் நிறைந்தது. விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல் ஈரத்தை மேலே ஏற்றும். அதனால்தான் மண்ணையும் மழைத் தெறிப்பையும் வெட்டுக்கல் தொடாத உயரத்தில் வைத்தார்கள், இறவாரத்தையும் நீள இறக்கினார்கள். உங்களுக்கு அருகிலேயே இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையில் சரிவான ஓட்டுக் கூரை எவ்வளவு தூரம் வெளியே நீண்டு இறங்குகிறது என்று பாருங்கள். அழகு கருதி மட்டும் செய்த வேலை அல்ல அது.

12 ஆண்டுகளுக்கு முன் போட்ட கான்கிரீட் அந்தக் கருங்கல்லைப் புதைத்தது. அப்போதும் வெயில் அடித்தால் முற்றம் ஓரிரு நாளில் காய்ந்துவிடும் என்பதால் பாதிப்புச் சிறிதாகவே இருந்தது. இப்போது மேலும் ஒன்றரை அங்குலம் உயர்த்தி, காயவே முடியாதபடி நனைந்த போர்வை ஒன்றையும் சுவரோடு சேர்த்துப் போட்டிருக்கிறீர்கள்.

பதில் (குழித்துறை வாசகர்)

எங்கள் வீட்டிலும் ஏறத்தாழ இதே நிலைதான் இருந்தது. கான்கிரீட்டில் ஓர் அடிக்கு ஒன்றாக ஒரு அங்குலத் துளை போட்டு, உள்ளே சிப்ஸ் ஜல்லி நிரப்பினால் நீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். உடைக்கும் செலவு மிச்சமாகும். நான் அப்படித்தான் செய்தேன், நன்றாக இருக்கிறது.

பதில் (பொறியாளர்)

குழித்துறை நண்பரின் முற்றம் சுவரிலிருந்து தள்ளி இருந்திருக்கலாம், மண்ணும் நீரை விரைவாக உறிஞ்சும் செம்மண்ணாக இருந்திருக்கலாம். இங்கே அதைச் செய்ய நான் ஒப்பமாட்டேன். கான்கிரீட்டுக்கு அடியில் இறங்கும் நீர் நேராக அஸ்திவாரத்தின் ஓரத்துக்குத்தான் போகும். மேலே மூடி இருப்பதால் அது ஆவியாக வெளியேற வழி இருக்காது. துளை போடுவது என்றாலும், முதலில் முற்றத்தின் தெரு ஓரத்தில் ஓர் அடி ஆழக் குழி தோண்டி, நீரை நிரப்பி, அது எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது என்று மழைக்காலத்திலேயே பார்க்க வேண்டும். மறுநாளும் நீர் நின்றால் அந்த மண்ணை நம்பக் கூடாது.

பதில் (சுண்ணாம்பு வேலை செய்பவர், திருவட்டாறு)

முற்றத்தைப் பற்றிப் பெரியவர் சொல்லிவிட்டார். சுவரைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். உப்புப் பூத்த சுவரைப் பார்த்ததும் கடைக்காரர்கள் ஈரத் தடுப்பு வண்ணத்தைக் கொடுப்பார்கள், தயவுசெய்து வாங்காதீர்கள். சிமெண்ட் கொண்டு பூசவும் வேண்டாம். உள்ளே உள்ள ஈரத்தை வெளியேற விடாமல் அடைத்தால் அது 2 அடியில் நிற்காமல் 4 அடிக்கு ஏறி, அங்கே பூச்சைத் தள்ளும். கொப்புளம் எழுந்த இடத்துக்கு ஓர் அடி மேல்வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, உப்பை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கி எடுங்கள். நீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மீண்டும் உள்ளே போய்விடும். அதன்பின் சுவரை அப்படியே விட்டுவிட வேண்டும். ஓர் அங்குலக் கனம் உலர ஒரு மாதம் என்பது எங்கள் தோராயக் கணக்கு. ஒரு கோடை முழுவதும் கழிந்தபிறகு சுண்ணாம்புச் சாந்து பூசி, சுண்ணாம்பே அடியுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அவசரப்பட்டுப் பூசி இரண்டு முறை செலவழித்த வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதில் (தோட்டக்கலை ஆர்வலர், நாகர்கோவில்)

இரண்டு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் புல் எதற்கு என்று எனக்கு மனவருத்தமாக இருக்கிறது. நிழல் விழும் முற்றத்தில் எருமைப் புல் நன்றாகப் பிடிக்கும். நீரையும் மண்ணே குடித்துக்கொள்ளும்.

கேட்டவர்

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, எனக்கும் பச்சைப் புல்தான் பிடிக்கும். ஆனால் அடைமழை நாள்களில் இயற்கைப் புல்லின் அடியில் மண் சேறாகிறது. ஒரு முறை எலும்பு முறிந்த அம்மாவை மீண்டும் அதில் நடக்கவிட எனக்குத் துணிவில்லை. இறவாரத்தை அடுத்த ஓரத்தில் உங்கள் யோசனைப்படி எருமைப் புல் வைக்கலாமா என்று பார்க்கிறேன்.

பதில் (பொறியாளர்)

ஓரத்தில் எருமைப் புல்லும் வேண்டாம். சுவரை ஒட்டி நீர் ஊற்ற வேண்டிய எதுவும் கூடாது. நான் செய்யச் சொல்வது இதுதான். புல்லையும் கான்கிரீட்டையும் முழுவதுமாக எடுத்துவிடுங்கள். 300 சதுர அடிதான், இரண்டு ஆள் மூன்று நாளில் முடித்துவிடுவார்கள். சுவரிலிருந்து இரண்டரை அடி அகலத்துக்குப் பழைய மண் மட்டம் வரும்வரை தோண்டி, கருங்கல்லை வெளியே காட்டுங்கள். பழைய மட்டத்துக்குக் கீழே ஓர் அங்குலம்கூடப் போகாதீர்கள். அந்தக் கால அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று நமக்குத் தெரியாது. அந்தப் பட்டையில் முக்கால் அங்குல ஜல்லியை மெல்லியதாகப் பரப்பினால் போதும், புல் அதற்குள் வரக் கூடாது. இறவாரத்துக்குப் பாத்தி கட்டி, கூரை நீரை மழைநீர்த் தொட்டிக்கோ தெரு ஓரத்துக்கோ கொண்டுபோங்கள். இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மீதிப் பரப்பில் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் தெருப் பக்கம் வாட்டம் கொடுத்து, மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்தி, ஜியோ டெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரித்து, அதன்மேல் 4 அங்குலத்துக்கு ஜல்லி போடுங்கள். ஏறத்தாழ ஒரு யூனிட் (100 கன அடி) பிடிக்கும். மேலே ஓர் அங்குலம் பாறைப்பொடி. பசை வேண்டாம், ஓரங்களில் துருப்பிடிக்காத ஆணி போதும். அம்மா நடப்பதால் 25 மி.மீ.க்கு மேல் உயரமான புல் வாங்காதீர்கள். நீண்ட புல் பாதத்தைத் தடுக்கும். இணைப்புகள் நடைபாதைக்குக் குறுக்கே வராமல் நீளவாக்கில் வர வேண்டும். புல்லிலும் நிழலில் பாசி பிடிக்கும், எனவே வாரம் ஒரு முறை இலைச் சருகை வாரிவிட்டு விறைப்பான துடைப்பத்தால் எதிர்ப்போக்கில் பெருக்கவும்.

கேட்டவர் (நவம்பர் 18)

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆகஸ்டில் மழை சற்று ஓய்ந்தபோது வேலையைத் தொடங்கினோம். மண்ணை அகற்றியபோது கீழ்ப்படி உடையாமல் அப்படியே இருந்தது. அம்மா அதைக் கழுவிக் கோலம் போட்டார். பழைய புல்லைப் பிய்த்து எடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு கிழிந்துவிட்டது, மீதியை வெட்டி இணைத்துப் பயன்படுத்தினோம். படியின் இருபுறமும் கைப்பிடிக் குழாய் வைத்திருக்கிறோம்.

வடகிழக்குப் பருவமழையில் தொடர்ந்து நான்கு நாள் கொட்டியபோதும் முற்றத்தில் நீர் நிற்கவில்லை; மழை விட்ட அரை மணி நேரத்தில் அம்மா நடக்கிறார். முன்னறைச் சுவரில் கொத்திய இடம் வெளுத்து வருகிறது. வடக்கு மூலையில் மட்டும் முறம் அளவுக்கு ஈரம் மாறாமல் இருக்கிறது. அங்கே பாத்தியின் இறக்கக் குழாய் சுவரை ஒட்டி முடிகிறது. அதுதான் காரணமா, ஐயா?

பதில் (பொறியாளர்)

அதுவாகத்தான் இருக்கும். குழாயின் வாயில் ஒரு முழங்கை (வளைவு இணைப்பு) மாட்டி, குறைந்தது 6 அடி தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். பிறகு இரண்டு மழை பார்த்துவிட்டு எழுதுங்கள். அந்த மூலை காயும்வரை வேறு எந்த இடத்திலும் சுண்ணாம்பு பூசத் தொடங்க வேண்டாம்.