டிஸ்க் கண்காணிப்பு நிரல்: பொது ஃபங்ஷன் எல்லாம் ஒரே ஃபைலிலா, அந்தந்த இடத்திலா?

வடசேரிக்காரன்:
நாகர்கோவில் நண்பர்கள் சேர்ந்து சி-யில் எழுதிவரும் டிஸ்க் கண்காணிப்பு நிரலில் இப்போ மூணு பகுதி இருக்கு: ஏடிஏ டிஸ்க்கை (சாட்டா கேபிளில் இணையிற வகை) படிக்கிறது, என்விஎம்இ டிஸ்க்கை (வேகமான எஸ்எஸ்டி வகை) படிக்கிறது, ஃபைல் சிஸ்டத்தில் மிச்ச இடம் பார்க்கிறது. பைட்டைச் சேர்த்து எண்ணாக்க மூணு இடத்தில் மூணு விதமா எழுதியிருக்கு. எழுத்துச் சரத்தை வெட்ட ரெண்டு விதம். எல்லாத்தையும் யுட்டில்.சி என்ற ஒரே ஃபைலுக்குக் கொண்டுவரணும் என்பது என் கட்சி. மறுப்பு இருந்தா காரணத்தோட சொல்லுங்க.

குளச்சல் கரை:
மறுக்கிறேன் அண்ணே. அந்தப் பேருக்கு எல்லை கிடையாது. லாக் எழுதுறது, செட்டிங் படிக்கிறது, மெயில் அனுப்புறது எல்லாம் அங்கே வந்து சேரும். அப்புறம் செக்சம் (தகவல் பிசகலைன்னு பார்க்கிற கூட்டுத்தொகை) மட்டும் சோதிக்க ஒரு சின்ன நிரல் எழுதினாலும் மெயில் வரைக்கும் சேர்த்து லிங்க் பண்ண வேண்டிவரும். பத்து வரி ரெண்டு இடத்தில் இருந்தா ஒண்ணும் கெட்டுப்போகாது.

வடசேரிக்காரன்:
கெட்டுப்போறதே அந்தப் பத்து வரியில்தான். மாடல் பேரை எடுத்துக்கோ. ஏடிஏ தர்றது 40 பைட். கடைசியில் பூஜ்யம் கிடையாது, வெற்றிடத்தால் நிரப்பியிருக்கும். 40 பைட் பஃபரில் (எழுத்தை வைக்கிற மெமரி இடம்) சி-யோட ஸ்ட்ரன்காப்பியால நகலெடுத்தா முடிவுக்குறி விழாது, பிரிண்ட் பண்ணும்போது பக்கத்து மெமரியும் சேர்ந்து வரும். பஃபர் 41 வேணும். இதை ஒரே இடத்தில் சரியா எழுதி வச்சா போதும்.

குளச்சல் கரை:
என்விஎம்இயிலும் மாடல் பேர் 40 பைட்தான். ஆனா ஏடிஏயில் ஒவ்வொரு 16 பிட் சொல்லுக்குள்ளேயும் ரெண்டு எழுத்து இடம் மாறி இருக்கும், என்விஎம்இயில் நேரா இருக்கும். ஒரே ஃபங்ஷனைப் பொதுவாக்கினா "மாத்தவா வேண்டாமா"ன்னு ஒரு ஃப்ளாக் வரும். அதைத் தப்பாக் கொடுத்தா பேர் முழுக்கக் குழம்பும். பார்க்க ஒண்ணு போல இருக்கு, வேலை வேற.

தக்கலைத் தம்பி:
ரெண்டாப் பிரிச்சா அந்தச் சண்டையே வராது. இடம் மாத்துற ஃபங்ஷன் ஏடிஏ ஃபைலோடயே இருக்கட்டும். ஓரத்து வெற்றிடத்தை நீக்கிப் பூஜ்யம் போடுறது பொதுவுக்குப் போகட்டும்.

ஆனா பைட் படிக்கிறது பொதுவில் இருந்தே ஆகணும், இதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஸ்மார்ட் தகவல், அதாவது டிஸ்க் தன் நிலைமை பத்தித் தானே தர்ற கணக்கு, 512 பைட். அதில் 2ஆம் பைட்டிலிருந்து 30 வரிசை, ஒவ்வொண்ணும் 12 பைட். மூல மதிப்பு வரிசைக்குள் 5ஆம் பைட்டில் தொடங்கி 6 பைட். கணக்குப் போட்டுப் பாருங்க, எப்பவும் ஒற்றைப்படை இடத்தில்தான் விழும். அங்கே 64 பிட் பாயிண்டரை வச்சுப் படிச்சா 8 பைட் வரும். மிச்ச ரெண்டில் ஒண்ணு ஒதுக்கி வச்ச பைட், இன்னொண்ணு அடுத்த வரிசையோட எண். இன்டெலில் சத்தமில்லாம தப்பு மதிப்பு கிடைக்கும். பழைய ஆர்ம் போர்டில் நிரலே விழலாம். பைட் பைட்டா எடுத்து நகர்த்திச் சேர்க்கணும், நகர்த்துறதுக்கு முன்னாடி 64 பிட்டா மாத்திடணும். இல்லைன்னா அது 32 பிட் இன்டாவே நின்னு, 40 பிட் நகர்த்தும்போது என்ன வரும்னு மொழியே உறுதி சொல்லாது.

குளச்சல் கரை:
பைட் படிக்கிறதுக்குச் சம்மதம். அளவை எழுத்தாக்குற ஃபங்ஷனுக்குச் சம்மதமில்லை. இப்போ இருக்கிறது உள்ளே ஒரு ஸ்டாட்டிக் பஃபரை (எல்லா அழைப்புக்கும் அதே ஒரு இடம்) வச்சு அதைத் திருப்பி அனுப்புது. ஒரே பிரிண்ட்எஃப்பில் மொத்தத்துக்கும் மிச்சத்துக்கும் ரெண்டு தடவை கூப்பிட்டா ரெண்டு இடத்திலும் ஒரே எண் வருது. அலகும் குழப்பம்தான். என்விஎம்இ சொல்ற ஒரு டேட்டா யூனிட் 5,12,000 பைட். லினக்ஸ் கர்னலோட டிஸ்க்ஸ்டாட்ஸ் (படிச்சது, எழுதினது பத்தின கணக்கு) சொல்ற செக்டார், 4096 பைட் டிஸ்க்கிலும் 512 பைட்தான். "செக்டாரைப் பைட்டாக்கு"ன்னு பொது ஃபங்ஷன் வச்சா, யாராவது 4096 கொடுத்து எட்டு மடங்கு காட்டிடுவாங்க.

வடசேரிக்காரன்:
அந்தப் பஃபர் விஷயம் சரி, மாத்திடுவோம். கூப்பிடுறவங்களே பஃபரும் அதன் நீளமும் தரட்டும், உள்ளே அந்த நீளத்தைத் தாண்டாம எழுதுற எஸ்என்பிரிண்ட்எஃப். பொது ஃபங்ஷனுக்குள் பைட் கணக்கு மட்டும்தான் வரும், பெருக்கல் அந்தந்தப் பகுதியில். மிச்ச இடக் கணக்கையும் பொதுவில் வைக்கலாமே?

தக்கலைத் தம்பி:
வேண்டாம் அண்ணே, அதைக் கூப்பிடுறது ஒரே பகுதி. இருக்கிற இடத்திலேயே திருத்தினா போதும், திருத்த வேண்டியது நிறைய. ஸ்டாட்விஎஃப்எஸ் (ஃபைல் சிஸ்டத்தோட இடக் கணக்கு தர்ற ஃபங்ஷன்) தர்ற பிளாக் எண்ணிக்கையை எஃப்_எஃப்ஆர்சைஸால் பெருக்கணும், எஃப்_பிசைஸால் இல்லை. 32 பிட் மெஷினில் 4096ஐ 10,48,576ஆல் பெருக்கினா விடை பூஜ்யம், அதனால முன்னாடியே 64 பிட் ஆக்கணும். எஃப்_பிஃப்ரீ (மொத்த காலி பிளாக்) பார்க்கக்கூடாது, எஃப்_பிஅவைல் (சாதாரண பயனருக்குக் கிடைக்கிறது) பார்க்கணும். லினக்ஸோட எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் வழக்கமா 5 சதவீதத்தை ரூட்டுக்கு (நிர்வாகிக் கணக்கு) ஒதுக்கும், 1 டிபி டிஸ்க்கில் சுமார் 50 ஜிபி. இடம் இருக்குன்னு நம்ம நிரல் சொல்லும், பயனர் எழுதப் போனா இடமில்லைன்னு வரும். ப்ராக் போன்ற, டிஸ்க்கே இல்லாத ஃபைல் சிஸ்டங்களில் மொத்த பிளாக்கே பூஜ்யம், வகுத்தா நிரல் சாகும்.

குளச்சல் கரை:
பொதுவில் போறது எதுவும் தானா அச்சடிக்கக்கூடாது, எக்ஸிட் கூப்பிடக்கூடாது. எட்டு டிஸ்க் பார்க்கிற நிரல், ஒரு டிஸ்க்கோட செக்சம் பிசகினதுக்காக நிக்கவா? 512 பைட்டையும் கூட்டினா கடைசி 8 பிட் பூஜ்யமா வரணும். வரலைன்னா பிழைக்குறியைத் திருப்பி அனுப்பட்டும், எச்சரிக்கிறதா விடுறதா என்று கூப்பிட்டவர் முடிவு பண்ணட்டும். லாக் ஃபங்ஷன் நுழைஞ்சதும் எர்நோவை (கடைசியா வந்த பிழையோட எண்) எடுத்து வச்சு, வெளியே போகும்போது திருப்பிப் போடணும். இல்லைன்னா ஐஆக்டில் (டிஸ்க்குக்குக் கட்டளை அனுப்புற அழைப்பு) ஏன் தோத்ததுன்னு கேட்கிற இடத்தில் வேற காரணம் நிக்கும்.

வடசேரிக்காரன்:
சம்மதம். இன்னொண்ணு பாக்கி: முந்தின எண்ணிக்கையைச் சேமிக்கிற ஃபைல். ஸ்மார்ட்டில் 199ஆம் எண், கேபிள் வழி வர்ற சிஆர்சி பிழை (வழியில் தகவல் பிசகினது). உப்புக்காத்தில் சாட்டா முனை கறுத்தாலும் இது ஏறும், கேபிளை மாத்தினாலும் இறங்காது. அதனால மதிப்பைப் பார்த்துப் பயன் இல்லை, நேத்தைக்கும் இன்னைக்கும் உள்ள வித்தியாசம்தான் வேணும். ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் கரண்டு போற ஊர் நம்முது. பாதி எழுதின ஃபைல் நிக்காம இருக்க, தற்காலிக ஃபைலில் எழுதி, எஃப்சிங்க் (டிஸ்க்கில் எழுதி முடிக்கிற வரை காக்கிற அழைப்பு), ரீநேம், பிறகு டைரக்டரிக்கும் எஃப்சிங்க். ஏடிஏ, என்விஎம்இ ரெண்டுக்கும் வேணும், இது பொதுதானே?

குளச்சல் கரை:
ஃபங்ஷன் பொதுவில் இருக்கட்டும். ஆனா அந்த ஃபைல் இருக்கிறது சாகப்போற டிஸ்க்கிலேயே என்றால் எஃப்சிங்க் கர்னலுக்குள்ளேயே மாட்டி நிக்கும், அலாரம் வச்சாலும் எழும்பாது. மத்த ஏழு டிஸ்க்கும் கவனிப்பாரில்லாமக் கிடக்கும். கண்காணிக்கிற ப்ராசஸில் இதைக் கூப்பிடவே கூடாது, ஃபோர்க் பண்ணிக் குழந்தை ப்ராசஸில் எழுதணும். அது முடியிற வரைக்கும் நின்னு காத்திருக்கவும் கூடாது.

தக்கலைத் தம்பி:
ஃபைலுக்கு டிஸ்க்கோட சீரியல் எண்ணையே சாவியா வையுங்க. லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்கிற எஸ்டிஏ, எஸ்டிபி பேர் ரீபூட்டில் மாறலாம். டிஸ்க்கை மாத்தினா பழைய எண்ணைப் புதுசிலிருந்து கழிச்சு, 64 பிட் முழுக்க நிறைஞ்ச வித்தியாசம் வரும்.

வடசேரிக்காரன்:
அப்போ யுட்டில்.சி வேண்டாம். பைட்.சி, சரம்.சி, சேமிப்பு.சி என்று மூணாப் பிரிக்கிறேன். லாக் தனியா இருக்கட்டும். முதல்ல பைட்.சி, அதுக்குச் சோதனையா ஒற்றைப்படை இடத்தில் 6 பைட்டும் 0xFF.